மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 2023 மே 31 அன்று, 58 வயதில் ஓய்வு பெற்றேன். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் சேர்ந்து கைக்கு வந்த தொகையில் 24 லட்சம் ரூபாயை மத்திய அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். இரண்டரை ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், அந்தத் திட்டம் எனக்கு எப்படிப் பயன்பட்டது, எங்கே சிரமம் தந்தது, ஓய்வுபெறப் போகிறவர்கள் எதை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். வரி குறித்து நான் சொல்பவை 2025-26 நிதியாண்டு வரையிலான விதிகளின்படி அமைந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்களையும் படிவ எண்களையும் அதன்பின் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் திட்டத்தின் அடிப்படை. 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் அஞ்சலகத்திலோ, அங்கீகாரம் பெற்ற வங்கிக் கிளைகளிலோ சேரலாம். பொதுவாக 60 வயது நிறைந்திருக்க வேண்டும். பணி ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவர்கள் 55 வயதிலிருந்தே சேரலாம், ஆனால் அவர்கள் போடும் தொகை ஓய்வுக்காலப் பலன்களாகப் பெற்ற தொகையைத் தாண்டக்கூடாது. ஒருவருக்கான உச்சவரம்பு 15 லட்சமாக இருந்தது, 2023 ஏப்ரல் முதல் 30 லட்சமாக உயர்ந்தது. காலம் 5 ஆண்டுகள். நான் சேர்ந்தபோது வட்டி ஆண்டுக்கு 8.2 சதவீதம். காலாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் தொடக்கத்தில், சேமிப்புக் கணக்கில் வரவாகிறது. ஒரு லட்சத்துக்குக் காலாண்டுக்கு 2,050 ரூபாய் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். என் 24 லட்சத்துக்கு 49,200 ரூபாய் வருகிறது. உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டவருக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் என்ற கணக்கில் வரும்.

இந்தத் தொகை என்னைப் போன்ற தனியார் துறை ஊழியருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை, தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கைப் பார்த்தால்தான் உணர முடியும். அத்திட்டத்தில் ஓய்வூதியத்துக்குக் கணக்கிடப்படும் ஊதியத்தின் வரம்பு மாதம் 15,000 ரூபாய், அதைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 35 ஆண்டு உழைத்தவருக்கும் 7,500 ரூபாய்தான் வரும். அரசு ஓய்வூதியம் பெறுபவரின் நிலை வேறு, எங்கள் நிலை வேறு. கைக்கு மொத்தமாக வரும் பணத்தை மாத வருமானமாக மாற்றிக்கொள்ளும் வேலையை நாங்களேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இத்திட்டத்தின் ஆகச்சிறந்த குணம், சேரும் நாளில் உள்ள வட்டி விகிதம் 5 ஆண்டுகளுக்கும் மாறாமல் நிற்பதுதான். இதன் மதிப்பை என் கணக்கில் பார்த்ததைவிட, பொள்ளாச்சியில் வசிக்கும் என் அக்காவின் கணக்கில்தான் தெளிவாகப் பார்த்தேன். அக்காவின் கணவர் 2019 அக்டோபரில் 15 லட்சம் ரூபாயைப் போட்டு, அக்காவையும் இணைத்துக் கூட்டுக்கணக்காகத் தொடங்கினார். அப்போது விகிதம் 8.6 சதவீதம். ஆறு மாதத்தில், 2020 ஏப்ரலில், புதிதாகச் சேர்பவர்களுக்கு அது 7.4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வங்கி வைப்புத்தொகைகளின் வட்டியும் அந்தக் காலத்தில் சரிந்துகொண்டே போனது. ஆனால் அவர்களுக்குக் காலாண்டுக்கு 32,250 ரூபாய் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வந்துகொண்டிருந்தது. 2022-இல் மாமா காலமானார். கூட்டுக்கணக்காக இருந்ததாலும், அக்கா 60 வயதைக் கடந்து இத்திட்டத்தில் சேரும் தகுதியோடு, தனியாக வேறு கணக்கு இல்லாமல் இருந்ததாலும், அதே கணக்கை அதே விகிதத்தில் முதிர்வு வரை தொடர முடிந்தது. துக்கத்தின் நடுவே பணத்துக்காக அலையாமல் இருந்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். கணவன் அல்லது மனைவியைத் தவிர வேறு யாரையும் கூட்டாகச் சேர்க்க முடியாது என்பதையும், கணக்குதாரர் இறந்தபின் தொடர்வதற்கு வாழ்க்கைத் துணைக்கும் தகுதி இருக்க வேண்டும் என்பதையும் தொடங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். துணைக்கு வயது குறைவென்றால் இதை நிச்சயம் யோசிக்க வேண்டும். தொடர முடியாமல் போனால், இறந்த நாளிலிருந்து பணத்தை எடுக்கும் நாள் வரை அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு உரிய வட்டிதான் கிடைக்கும்.

இனி நான் சேர்ந்த கதை. 60 வயதுக்கு முன் ஓய்வு பெற்றுச் சேர்பவர்களுக்கு ஒரு கால வரம்பு உண்டு. இப்போது அது ஓய்வுப் பலன்கள் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதம். 2023 நவம்பரில் விதி திருத்தப்படுவதற்கு முன், அதாவது நான் ஓய்வு பெற்ற நேரத்தில், அது ஒரே மாதம். பணம் வந்த பிறகு எங்கே போடலாம் என்று விசாரிக்கத் தொடங்கும் ஒருவருக்கு ஒரு மாதம் எந்த மூலைக்கும் போதாது. அதோடு, ஓய்வுபெற்ற நாள், எந்தெந்தப் பலனாக எவ்வளவு தொகை, என்ன பதவி, எத்தனை ஆண்டுப் பணி ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிறுவனம் தரும் சான்றிதழும் வேண்டும். கணக்குப் பிரிவில் இருந்ததால் இதை அறிந்து, மே மாதத் தொடக்கத்திலேயே சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பணம் வந்த பிறகு கேட்கப் போய், கையொப்பமிட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்ததால் நாட்கள் நழுவி, கெடு தாண்டிவிட்டது. அவருக்கு 60 வயது நிறைய இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது மூன்று மாதமாக நீட்டியிருப்பது நியாயமான மாற்றம், அதற்காக இத்திட்டத்தை வகுப்பவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் சான்றிதழை ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வைப்பதே முறை.

பணிக்கொடை ஜூனிலும் வருங்கால வைப்பு நிதி ஜூலையிலும் வந்ததால், 8 லட்சத்துக்கு ஒரு கணக்கும் 16 லட்சத்துக்கு ஒரு கணக்குமாக இரண்டு தொடங்கினேன். அப்போது இது கெடுவுக்காகச் செய்தது. பிறகுதான் இதிலொரு நன்மை இருப்பது புரிந்தது. இத்திட்டத்தில் போட்ட பணத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வழியில்லை. அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் கணக்கையே மூட வேண்டும். ஓராண்டுக்குள் மூடினால் அதுவரை கொடுத்த வட்டியையும் போட்ட பணத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள், ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் என்றால் போட்ட பணத்தில் 1.5 சதவீதமும், இரண்டாண்டுக்குப் பின் என்றால் 1 சதவீதமும் கழிப்பார்கள். 24 லட்சமும் ஒரே கணக்கில் இருந்து, மூன்றாம் ஆண்டில் ஒரு மருத்துவச் செலவுக்காக மூட நேர்ந்தால் 24,000 ரூபாய் போய்விடும். 8 லட்சக் கணக்கை மட்டும் மூடினால் இழப்பு 8,000 ரூபாயோடு நின்றுவிடும். ஆகவே மொத்தப் பணத்தையும் ஒரே கணக்கில் கொட்டாமல், மாதங்களைத் தள்ளிச் சில கணக்குகளாகப் பிரித்துப் போடுவதை எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

கணக்கு தொடங்கிய அஞ்சலகத்தின் சேவை பற்றி நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். முகப்பில் இருந்த பெண் ஊழியர், விண்ணப்பத்தில் வாரிசு நியமனப் பகுதியை நான் காலியாக விட்டிருந்ததைக் கவனித்து, அதை நிரப்பிய பின்பே வாங்கிக்கொண்டார். வட்டி நேராகச் சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி இணைப்பதற்கான படிவத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். இந்த இணைப்பு மிக அவசியம், ஏனென்றால் எடுக்காமல் விட்ட காலாண்டு வட்டிக்கு மேல்வட்டி எதுவும் கிடையாது, அது சும்மா கிடக்கும்.

வரி விஷயத்துக்கு வருகிறேன், இத்திட்டத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். கிடைக்கும் வட்டி முழுவதும் வரிக்கு உட்பட்ட வருமானம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, போடும் தொகையில் 1.5 லட்சம் வரை வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவுக் கழிவும், 60 வயது கடந்தவர்களுக்கு வட்டியில் 50,000 ரூபாய் வரை 80டிடிபி பிரிவுக் கழிவும் உண்டு. புதிய முறையில் இவை இரண்டுமே இல்லை. ஆனால் 2025-26-இல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால், பெரும்பாலான ஓய்வு பெற்றவர்களுக்கு வரியே வராது. வரி வராதவர்களுக்கும் பிடித்தம் மட்டும் நடந்துவிடுவதுதான் சிக்கல். ஓராண்டு வட்டி 60 வயது கடந்தவர்களுக்கு 1 லட்சத்தையும் மற்றவர்களுக்கு 50,000 ரூபாயையும் தாண்டினால் வட்டி தரும்போதே 10 சதவீதம் வரியாக (டி.டி.எஸ்.) பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்புகள் முறையே 50,000, 40,000 ரூபாயாக இருந்தன. பான் எண்ணைத் தராதவர்களுக்குப் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

வரி வராதவர்கள் 15எச் படிவம் கொடுத்தால் பிடித்தம் நிற்கும். ஆனால் அந்தப் படிவம் ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும், ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகத் தர வேண்டும். பணம் இரண்டு இடங்களில் இருந்தால் இரண்டு இடங்களிலும் தர வேண்டும். 2023 ஏப்ரலில் அக்கா தன் வங்கிக் கிளையில் படிவத்தைக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வந்துவிட்டார். ஜூலைத் தொடக்கத்தில் 32,250-க்குப் பதில் 29,025 ரூபாய்தான் வந்திருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. அக்டோபரிலும் அதே தொகை வந்தபோதுதான் "தம்பி, வட்டி குறைஞ்சு வந்திருக்குது, கொஞ்சம் என்னன்னு பாரு" என்று தொலைபேசியில் சொன்னார். போய்க் கேட்டபோது, படிவம் கணினியில் ஏற்றப்படவே இல்லை என்று தெரிந்தது. கொடுத்ததற்குச் சான்று கையில் இல்லாததால் வாதாட முடியவில்லை. மறுபடி கொடுத்தபின் அடுத்த காலாண்டிலிருந்து பிடித்தம் நின்றது, ஆனால் ஏற்கெனவே அரசுக்குச் செலுத்தப்பட்ட 6,450 ரூபாயை வங்கி திருப்பித் தர இயலாது. வரி கட்ட வேண்டிய வருமானமே இல்லாத அக்கா, அந்தப் பணத்தைப் பெறுவதற்காகவே 2024 ஜூலை 31-க்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. பணம் திரும்ப வந்துவிட்டது. எனினும் எழுபதை நெருங்கிய ஒருவருக்கு அந்த அலைச்சல் தேவையற்றது. அன்றிலிருந்து அவருடைய படிவத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி வைப்பதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன். வரம்பு 1 லட்சமாக உயர்ந்த பிறகும், அவருடைய வட்டி அதைத் தாண்டுவதால் அந்தப் படிவம் இன்றும் தேவைப்படுகிறது.

58 வயதில் ஓய்வு பெறுபவர்கள் இன்னொன்றையும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். சேமிப்புத் திட்டம் அவர்களை மூத்த குடிமக்களாக ஏற்றுக்கொண்டாலும், வருமான வரிச் சட்டம் 60 வயது வரை அப்படி ஏற்காது. அதனால் அந்த இரண்டு ஆண்டுகளில் 15எச் தர முடியாது, 15ஜி-தான் தரலாம். அதற்கு வரி இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, மொத்த வட்டி வருமானமும் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருக்க வேண்டும். தகுதியில்லாமல் அந்தப் படிவத்தில் கையொப்பமிடுவது பொய்யான உறுதிமொழியாகிவிடும் என்பதால், எனக்கு வாடகையும் பகுதிநேரக் கணக்கு வேலைக்கான கட்டணமும் இருந்த நிலையில் நான் அதைக் கொடுக்கவில்லை, பிடித்தம் நடக்கட்டும் என்றே விட்டேன்.

அதே இரண்டு ஆண்டுகளில் முன்கூட்டிய வரியும் கட்ட வேண்டியிருந்தது. பிடித்தம் போக 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரி வருமென்றால், ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45 சதவீதம், டிசம்பர் 15-க்குள் 75 சதவீதம், மார்ச் 15-க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். சம்பளத்தில் இருந்தவரை நிறுவனமே மாதந்தோறும் பிடித்துவிடும் என்பதால், நூற்றுக்கணக்கானவர்களின் பிடித்தத்தைக் கணக்கிட்ட எனக்கே இந்தத் தேதிகள் என் சொந்த வாழ்க்கையின் தேதிகளாக மனத்தில் பதியவில்லை. 2024-இல் ஜூன் தவணையாக 6,000 ரூபாய் கட்டிவிட்டு, செப்டம்பர் தவணையை மறந்துபோனேன். அந்த ஆண்டுக்கு நான் கட்ட வேண்டியிருந்தது ஏறத்தாழ 40,000. செப்டம்பருக்குள் 18,000 கட்டியிருக்க வேண்டிய இடத்தில் 12,000 குறைந்ததால், மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாதத்துக்கு 360 ரூபாய் வட்டி சேர்ந்தது. தொகை சிறியது, ஆனால் டிசம்பர் தவணையையும் விட்டிருந்தால் அது வளர்ந்துகொண்டே போயிருக்கும்.

2025 மே மாதத்தில் எனக்கு 60 வயது நிறைந்தது. நிதியாண்டின் எந்த நாளில் நிறைந்தாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் மூத்த குடிமகனாகவே கருதப்படுவதால், 2025-26 முதல் எனக்கு அந்த உரிமைகள் வந்துவிட்டன. 60 கடந்தவர்களுக்கு முன்கூட்டிய வரியிலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மை, ஆனால் தொழில் அல்லது வணிக வருமானம் இல்லாதவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். நான் வாங்கும் பகுதிநேரக் கட்டணம் சம்பளமாக இல்லாமல் தொழில் வருமானமாக இருப்பதால், எனக்கு அந்த நான்கு தேதிகளும் இன்னும் நீங்கவில்லை. ஓய்வுக்குப் பின் ஆலோசகராக வேலை பார்க்கும் நண்பர்கள் பலர் இந்த நுணுக்கத்தை அறியாமல் இருக்கிறார்கள்.

கணக்குத் தாக்கலுக்கு முன், நம் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையையும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் பதிவிறக்கிப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மார்ச்சோடு முடியும் காலாண்டின் வட்டி ஏப்ரல் தொடக்கத்தில் வரவாவதால், எந்த ஆண்டில் காட்டுவது என்ற குழப்பம் எழுகிறது. அறிக்கையில் எந்த ஆண்டில் இருக்கிறதோ அதோடு பொருந்தும்படி காட்டி, ஆண்டுதோறும் அதே முறையைக் கடைப்பிடித்தால் பின்னால் கேள்வி வராது. தாக்கலுக்கான கடைசி நாள் வழக்கமாக ஜூலை 31. 2025-இல் அது செப்டம்பர் 16 வரை நீட்டிக்கப்பட்டது, ஆனால் நீட்டிப்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யலாம், அந்தக் கட்டணம் 5 லட்சத்துக்கு உட்பட்ட வருமானத்துக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000 ரூபாய் வரை.

அஞ்சலகமா வங்கியா என்று பலர் கேட்கிறார்கள். வட்டியும் விதிகளும் இரண்டிலும் ஒன்றே. 75 வயது கடந்தவருக்கு ஓய்வூதியமும் வட்டியும் மட்டுமே வருமானமாக இருந்து, இரண்டும் ஒரே வங்கியிலிருந்து வருமென்றால், அந்த வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துவிடும், அவர் கணக்குத் தாக்கல் செய்யவே வேண்டாம் என்ற சலுகை இருக்கிறது. வயதான காலத்தில் அந்த எளிமை வேண்டுமென்று நினைப்பவர் ஓய்வூதியம் வரும் வங்கியிலேயே இந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அஞ்சலகம் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருப்பதால் அதையே தேர்ந்தேன்.

குறைகளும் உண்டு. வட்டி காலாண்டுக்கு ஒருமுறை வருவது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திப் பழகியவர்களுக்கு முதல் ஆண்டில் கடினமாக இருக்கும். அஞ்சலக மாத வருமானத் திட்டம் இந்தத் தேவையை நிறைவேற்றும், ஆனால் அதில் தனிக்கணக்கின் உச்சவரம்பு 9 லட்சம்தான், வட்டியும் இதைவிடக் குறைவு. அதைவிடப் பெரிய குறை, ஐந்தாம் ஆண்டிலும் அதே 49,200 ரூபாய்தான் வரும் என்பது. மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் விலை அப்படியே நிற்பதில்லை. ஆகவே முழுச் சேமிப்பையும் இதில் முடக்காமல், வளரக்கூடிய வேறு முதலீடு ஒன்றுக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். ஓய்வுக்கால வருமானத்தின் அடித்தளமாக இதைவிடப் பாதுகாப்பான ஒன்றை நான் பார்க்கவில்லை, அடித்தளத்தையே வீடாக நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கருத்து.

முதிர்வு நாளையும் குறித்து வைக்க வேண்டும். 5 ஆண்டு முடிந்தபின் மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம், முன்பு ஒருமுறை மட்டுமே இருந்த இந்த வசதி 2023 நவம்பரிலிருந்து பலமுறை என்றாகியிருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தை முதிர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தர வேண்டும், முதிர்வு நாளில் நடப்பிலுள்ள விகிதமே நீட்டிப்புக் காலத்துக்கும் பொருந்தும். அக்காவின் கணக்கு 2024 அக்டோபரில் முதிர்ந்தது, அந்த வாரமே நீட்டித்துவிட்டோம், இப்போது 8.2 சதவீதத்தில் காலாண்டுக்கு 30,750 ரூபாய் வருகிறது. என்னுடைய 8 லட்சக் கணக்கு 2028 ஜூனிலும், 16 லட்சக் கணக்கு ஜூலையிலும் முதிர்கின்றன. அந்த இரு நாட்களையும், அக்காவின் 2027 அக்டோபரையும், ஏப்ரல் மாதப் படிவத்தையும், நான்கு வரித் தவணைகளையும் பீரோவின் உள்கதவில் ஒட்டியிருக்கும் ஒரே தாளில் எழுதி, என் மனைவிக்கும் மகளுக்கும் காட்டி வைத்திருக்கிறேன்.